அப்பா வாங்கிக் கொடுத்த டெஸ்க்டாப்புக்கு புது கிராபிக்ஸ் கார்டு போட்ட கதை

திருமங்கலத்துல எங்க வீட்டு மாடி ரூம்ல ஒரு டெஸ்க்டாப் இருக்கு. 2014ல நான் இன்ஜினியரிங் சேந்தப்ப அப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்தது, ஐ5-4570 ப்ராசசர், ஹெச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அன்னிக்கு எங்க தெருவுல அது பெரிய விசயம். காலேஜ் ப்ராஜெக்ட், அக்கா கல்யாண போட்டோ, அப்பாவோட பென்சன் பேப்பர் ஸ்கேன் எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. பழைய இரும்புக்கு போட்டுட்டு ஒரு லேப்டாப் வாங்கிக்கன்னு எத்தனையோ பேரு சொல்லிட்டாங்க, எனக்கு மனசே வரல.

இந்த மே மாசம் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான், காலேஜ் ரெண்டாவது வருசம் முடிச்சிருக்கான். வந்த அன்னிக்கே "மாமா, இதுல ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 ஓடுமா?"ன்னு கேட்டான். ஓடாதுடான்னு சொல்லி முடிச்சிருக்கலாம், ஆனா அந்த கேமுக்கு என்ன வேணும்னு எடுத்துப் பாத்தேன். 2019ல பிசிக்கு வந்த கேம். குறைஞ்சபட்சம் ஐ5-2500கே, 8 ஜிபி ரேம் போதும், நல்லா ஓடணும்னா ஐ7-4770கே, 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 இல்ல ஆர்எக்ஸ் 480 கிராபிக்ஸ் கார்டுன்னு போட்டிருந்தாங்க. 4770ங்கிறது நம்ம 4570 வந்த அதே தலைமுறை, போர்டுல உக்கார்ற சாக்கெட்டும் அதேதான். அப்ப நம்ம சிஸ்டம் செத்துப் போகல, கார்டும் ரேமும்தான் இல்லைன்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு வேகம் வந்துருச்சு.

கார்டு விசயத்துலதான் கொஞ்சம் நிதானமா யோசிச்சேன். மதுரை டவுன்ஹால் ரோட்டு பக்கம் ஒரு கடையில விசாரிச்சப்ப, எதுக்குண்ணே பழசு, வாரண்டியோட புதுசா ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போட்டுக்கங்கன்னு சொன்னாங்க. பேரு புதுசு, கரண்டும் கம்மியா இழுக்கும், எல்லாம் சரிதான். ஆனா அந்த கார்டு போர்டோட பேசுறது 4 லேன்லதான் (லேன்னா டேட்டா போற பாதை), அதுவும் பிசிஐஇ 4.0க்குன்னு செஞ்சது, பிசிஐஇங்கிறது போர்டுல கார்டு சொருகுற இணைப்பு. நம்ம ஹெச்81 போர்டுல இருக்குறது பிசிஐஇ 2.0, ஒவ்வொரு லேனும் நாலுல ஒரு பங்கு வேகம்தான். நாலு வழிச்சாலையில போற லாரியை நம்ம ஊரு சந்துக்குள்ள விட்ட மாதிரி ஆயிரும், அதுலயும் 4 ஜிபி மெமரி நிறைஞ்சா கேம் திக்கித் திக்கித்தான் ஓடும். பழைய போர்டு வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதைப் பாருங்க, கார்டு 16 லேனா, 8ஆ, 4ஆன்னு கேக்காம வாங்காதீங்க.

கடைசியில ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, செகண்ட் ஹேண்டுன்னு முடிவு பண்ணேன். 2017ல வந்த கார்டு, கேம்காரங்க சொன்ன 480க்கு அடுத்து வந்த தம்பி, முழுசா 16 லேன். இதுல ரெண்டு விசயம் கவனிக்கணும். 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கிற கிரிப்டோ காசு மைனிங்கை, அதாவது கார்டை ஓட விட்டு காசு எடுக்குறதை, விட்டு மாறுன பிறகு மைனிங்ல கிடந்த கார்டெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, அதுல 580 நிறைய. ராத்திரி பகலா ஓடுன கார்டுன்னா ஃபேன் பேரிங் போயிருக்கும், கையால சுத்திப் பாத்தாலே தெரியும். இன்னொண்ணு, 2048எஸ்பின்னு ஒரு வகை இருக்கு, பேரு 580தான், உள்ள படம் வரையுற குட்டிக் குட்டி யூனிட்டு, ஷேடர்னு சொல்லுவாங்க, அது 2304க்கு பதிலா 2048தான் இருக்கும். அண்ணாநகர்ல ஒரு தம்பிகிட்ட வாங்குனேன், அவரு வீட்லயே மாட்டி, கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர்ல 2304 காட்டுனாரு, கார்டை முழு வேகத்துல ஓட்டி சோதிக்கிற ஃபர்மார்க்கை பதினஞ்சு நிமிசம் ஓட விட்டும் காட்டுனாரு, ஒரு குறையும் இல்ல.

வீட்டுக்கு வந்து மாட்டியாச்சு, டிரைவர் போட்டாச்சு, கேம் மெனு வரைக்கும் வந்துச்சு, உள்ள போன ரெண்டாவது நிமிசம் படக்குன்னு மொத்தமா ஆஃப். ப்ளூ ஸ்க்ரீன் இல்ல, ஒரு எர்ரர் இல்ல, கரண்ட் போன மாதிரி. மறுபடி போட்டா மறுபடி ஆஃப். விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல பாத்தா கெர்னல் பவர் 41ன்னு மட்டும் இருக்கு, அது சரியா ஷட்டவுன் ஆகாம ஆஃப் ஆச்சுன்னு சொல்லுமே தவிர ஏன்னு சொல்லாது. பய முகம் வாடிப் போச்சு. எனக்கோ கார்டு வித்த தம்பி மேல சந்தேகம், ராத்திரி பதினோரு மணிக்கு அவருக்கு போன் போடலாமான்னு கையில எடுத்துட்டேன், போடாம விட்டது நல்லதாப் போச்சு.

ஏன்னா காலையில கேபினெட்டை கழட்டி வெளிச்சத்துல எஸ்எம்பிஎஸ், அதான் சிஸ்டத்துக்கு கரண்ட் குடுக்குற பவர் சப்ளை, அதோட ஸ்டிக்கரை படிச்சேன். மேல பெருசா 450 வாட்டுன்னு இருக்கு. கீழ சின்ன எழுத்துல, தூசியைத் துடைச்சாத்தான் தெரியுது, 12 வோல்ட்டுக்கு 16 ஆம்ப்ஸ். பெருக்கிப் பாருங்க, 192 வாட். கார்டு மட்டும் 185, ப்ராசசர் 84, ரெண்டும் சேந்தா 269. இது ரெண்டுமே 12 வோல்ட்லதான் கரண்ட் எடுக்கும், மிச்ச வாட்டெல்லாம் 3.3லயும் 5லயும் சும்மா கணக்குக்கு நிக்குது. போதாததுக்கு இந்த எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குன்னு 8 பின் வயரே கிடையாது, நான்தான் ரெண்டு மோலெக்ஸை (பழைய 4 பின் கரண்ட் வயர்) சேத்து ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருந்தேன், அதோட மஞ்சள் வயரைத் தொட்டுப் பாத்தா அந்த வெள்ளை பிளாஸ்டிக் முனை ஓரத்துல லேசா பழுப்பு நிறத்துல உருகியிருந்துச்சு. அதைப் பாத்ததும் எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தா போர்டு, அப்பா பேப்பர், போட்டோ எல்லாம் போயிருக்கும்.

அதனால சொல்றேன், பழைய சிஸ்டத்துக்கு கார்டு வாங்குறதுக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு காசு ஒதுக்குங்க. கேபினெட்டோட சேந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸை நம்பாதீங்க, பெரிய எழுத்தைப் பாக்காதீங்க, 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்ப்ஸ்னு பாருங்க. நான் 550 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ் (Bronze) தர முத்திரை உள்ளதைப் போட்டேன், அதுல 12 வோல்ட்டுக்கே 45 ஆம்ப்ஸ் இருக்கு, 8 பின் வயரும் அதுலயே வருது. நான் போட்ட கணக்குல இல்லாத செலவு, பரவாயில்ல.

அதே கையோட ப்ராசசர் மேல இருந்த கூலரையும் கழட்டுனேன். பன்னெண்டு வருச தூசி பஞ்சு மெத்தை மாதிரி ஒட்டியிருந்துச்சு, சூட்டைக் கடத்துறதுக்கு நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பா உதிருது. எங்க மாடி ரூம்ல கத்திரி வெயிலுக்கு மத்தியானம் உக்காரவே முடியாது, அந்த சூட்டுல ப்ராசசர் 95 டிகிரியில நின்னுக்கிட்டு இருந்துச்சு, 100ஐ தொட்டா தானா வேகத்தைக் குறைச்சுக்கும். பெயிண்ட் பிரஷ்ல சுத்தம் பண்ணி புது பேஸ்ட் தடவுன பிறகு கேம் ஓடும்போதும் 75ஐ தாண்டல. இருநூறு ரூபா பேஸ்ட்தான்!

ரேம் 8, 8ஆ ரெண்டு போட்டு 16 ஆக்குனேன், டிடிஆர்3 பழசுதான். ரொம்ப விலை கம்மியா ஆன்லைன்ல வர்ற சில 8 ஜிபி ரேம் ஏஎம்டி போர்டுல மட்டும்தான் வேலை செய்யும், இன்டெல்காரங்க அதைப் படிச்சுட்டு வாங்குங்க. சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு, கேமே 150 ஜிபி கேக்குது. விண்டோஸ் 10தான் ஓடுது, 11க்கு இந்த ப்ராசசர் லிஸ்ட்லயே இல்ல, 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்டும் முடிஞ்சுருச்சு, அதனால பேங்க் வேலையெல்லாம் இதுல பாக்குறத விட்டுட்டேன். அப்பா பேப்பர், போட்டோ எல்லாத்தையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல ஒரு காப்பி எடுத்து பீரோவுல வச்சாச்சு.

அன்னிக்கு சாயங்காலம் மறுபடி போட்டோம். கேம் ஆரம்பமே பனிமலைதான். வெளிய அனல் அடிக்குது, டேபிள் ஃபேனை கேபினெட் பக்கம் திருப்பி வச்சிருக்கோம், ஸ்க்ரீன்ல குதிரை முழங்கால் அளவு பனியில நடக்குது, நடந்த தடம் அப்படியே பின்னாடி பதிஞ்சு கிடக்கு. 1080பி, மீடியம் செட்டிங், செகண்டுக்கு 45க்கும் 55க்கும் நடுவுல ஃப்ரேம்ஸ். அப்பா மேல ஏறி வந்து கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு "இது நம்ம பழைய பொட்டியாடா?"ன்னு கேட்டாரு. ஆமாப்பான்னேன். சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு.

கேம்ல டவுனுக்குள்ள போனா மட்டும் கொஞ்சம் திக்குது, அது ப்ராசசரோட நாலு த்ரெட் (ஒரே நேரத்துல பாக்குற வேலை) பத்தாததுனால. ஐ7-4770 பழசு ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன், போர்டு மாத்தாம அப்படியே உக்காந்துரும். பய ஊருக்கு கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டுல வச்சு சொல்லிட்டுப் போனான், "மாமா, ப்ராசசர் மாத்துங்க, ஆனா என் சேவ் ஃபைலை மட்டும் அழிச்சுராதீங்க, தீபாவளிக்கு வந்து முடிக்கணும்."