ராகிக் கொல்லைக் காவலுக்கு எந்த டார்ச்?

ஐப்பசி, கார்த்திகையில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கதிர் முற்றும். பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் இறங்குவதும் அப்போதுதான். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கம் போனால் காட்டுப்பன்றிக்கும் சேர்த்துக் காவல். பரணில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: கொல்லையின் மறு மூலையில் அசைவது மாடா, பன்றியா, யானையா என்று இருந்த இடத்திலிருந்தே தெரிய வேண்டும். ஐந்து ஏக்கர் கொல்லை சதுரமாக இருந்தால் மூலைக்கு மூலை சுமார் 200 மீட்டர். அட்டைப்பெட்டியில் ‘2 கி.மீ.’ என்று அச்சடித்த டார்ச் பல நேரம் இந்த 200 மீட்டரையே தாண்டாது.

டார்ச் வாங்கும்போது எல்லோரும் லூமன் எவ்வளவு என்று கேட்கிறார்கள். லூமன் என்பது டார்ச் மொத்தமாகக் கொட்டும் வெளிச்சம். தூரம் போவதை முடிவு செய்வது கேண்டெலா, அதாவது அந்த வெளிச்சம் நடுவில் எவ்வளவு குவிந்து போகிறது என்ற கணக்கு. ஓஸ் பைப்பில் தண்ணீரை அப்படியே விட்டால் காலடியில் விழும். வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால் தூரத்துச் செடிக்குப் பீய்ச்சும். மோட்டார் ஒன்றுதான், தண்ணீரும் ஒன்றுதான்.

கேண்டெலாவை 4-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000-க்கு 400, ஒரு லட்சத்துக்கு 632. நல்ல கம்பெனிகள் பெட்டியில் போடும் தூரம் இந்தக் கணக்குதான். ஆனால் அந்த எல்லையில் விழுவது 0.25 லக்ஸ் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு வெளிச்சம். அதில் வெள்ளை வேட்டி தெரியும். சாம்பல் நிற யானை புதரோடு புதராகிவிடும். அதனால் போட்டிருக்கும் தூரத்தில் பாதியை மட்டும் நம்புங்கள். பாதித் தூரத்தில் வெளிச்சம் நாலு மடங்கு, 1 லக்ஸ் கிடைக்கும். 200 மீட்டருக்கு 40,000 கேண்டெலாதான் குறைந்தபட்சம். கண்ணைச் சுருக்காமல் பார்க்க 60,000-க்கு மேல் எடுங்கள்.

கேண்டெலா போடாத டார்ச்சை நீங்களே அளக்கலாம். போனில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, இருட்டில் போனைச் சுவரோடு நிறுத்தி, டேப் வைத்துச் சரியாக 10 மீட்டர் தள்ளி நின்று நடு வெளிச்சத்தை போனின் மேல் விளிம்பில், செல்ஃபி கேமராவுக்குப் பக்கத்தில், அடியுங்கள். வரும் எண்ணை 100-ஆல் பெருக்கினால் கேண்டெலா. 600 லக்ஸ் காட்டினால் 60,000. போன் சென்சார் துல்லியமானது இல்லை. ஆனாலும் இரண்டு டார்ச்சுகளை ஒரே போனில் அளந்தால் எது தூரம் போகும் என்பது சந்தேகமில்லாமல் தெரியும். 1 மீட்டரில் வைத்து அளக்காதீர்கள், வெளிச்சம் அங்கே இன்னும் முழுதாகக் குவிந்திருக்காது.

அடுத்து டார்ச்சின் முகத்தைப் பாருங்கள். உள்ளே இருக்கும் கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டர், ஆழமாகவும் கண்ணாடிபோல வழவழப்பாகவும் இருக்க வேண்டும். ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தால் வெளிச்சம் சீராகப் பரவும், தூரம் குறையும். நடுவில் இருக்கும் எல்இடி சின்னதாக இருப்பது நல்லது. பெரிய எல்இடியும், நாலைந்து எல்இடி பதித்த முகமும் முற்றம் முழுக்கப் பகலாக்கும், வரப்பைத் தாண்டாது. அதே எல்இடிக்கு ரிஃப்ளெக்டரின் விட்டம் இரட்டித்தால் கேண்டெலா நாலு மடங்கு, தூரம் இரண்டு மடங்கு. 45 மி.மீ. வாய், ஒரே சின்ன எல்இடி, ஒரே செல்: காவலுக்கு நான் சொல்வது இந்த அமைப்பைத்தான். முன்னால் இழுத்து ‘ஜூம்’ பண்ணும் டார்ச் வேண்டாம். குவிக்கும்போது பக்கவாட்டு வெளிச்சம் தலைக்குள்ளேயே வீணாகிறது, சதுரமாக ஒரு கட்டம் மட்டும் போய் விழுகிறது. அந்த இழுக்கும் இடுக்கு வழியாகவே மழைத் தண்ணீரும் உள்ளே போகிறது. தண்ணீர் புகாமைக்கான அளவுகோலில் ஐபிஎக்ஸ்7 என்று போட்டது 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். பரண் மழைக்கு அது போதும்.

செல் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பிரிக்க முடியாதபடி உள்ளேயே பேட்டரி வைத்த 4 வோல்ட் லெட்-ஆசிட் டார்ச்சை, சார்ஜ் இறங்கியபடியே இரண்டு மாதம் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். பேட்டரி போனால் டார்ச்சே போச்சு. ஏஏ ரீசார்ஜபிள் எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் 1.2 வோல்ட், 2000 எம்ஏஹெச் (செல் பிடிக்கும் சார்ஜின் அளவு) என்றால், இரண்டையும் பெருக்கி வரும் மொத்த மின்சக்தி 2.4 வாட்-மணிதான். ஒரு 18650 லித்தியம்-அயன் செல் 3.6 வோல்ட், 3500 எம்ஏஹெச், 12.6 வாட்-மணி. ஐந்து ஏஏ சேர்ந்தாலும் ஒரு 18650-க்கு ஈடாகாது. 18650 என்பது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், 21700 என்பது 21-க்கு 70, அது 5000 எம்ஏஹெச் வரும். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் மாவட்டம் இது. பல ஸ்கூட்டர் பேட்டரி பேக்குகளில் அடுக்குவதும் இந்த அளவு செல்களைத்தான். இன்னும் பல வருடத்துக்கு மாற்றுச் செல்லுக்குப் பஞ்சம் வராது.

ஆனால் கழித்துக் கட்டிய பேக்கிலிருந்து எடுத்த செல்லை மலிவு என்று வாங்காதீர்கள். அதற்குள் என்ன நடந்திருக்கிறது என்று வெளியில் தெரியாது. சோலார் தெருவிளக்கில் கழற்றியது பெரும்பாலும் 3.2 வோல்ட் லித்தியம்-இரும்பு வகை. அதன் உச்சம் 3.65 வோல்ட். சாதாரணச் சார்ஜரில் போட்டால் 4.2 வரை ஏற்றிக் கெடுத்துவிடும். புதுச் செல் என்றால் ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். ‘9900 எம்ஏஹெச்’ என்று எழுதிய 18650 பொய். அந்த அளவுக்குள் 3600 தாண்டுவதே கடினம். மளிகைக்கடை எலெக்ட்ரானிக் தராசில் வையுங்கள்: நல்ல 18650 ஏறக்குறைய 45 முதல் 50 கிராம், 21700 எழுபது கிராம் அளவில் நிற்கும். 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புச் சர்க்யூட் வைத்த 18650 செல் 68, 70 மி.மீ. வரை நீளும்; சில டார்ச்சில் மூடி முழுதாகத் திருகாது. பிளஸ் முனையில் குமிழ் இல்லாத மொட்டைத் தலைச் செல், சில டார்ச்சுகளில் முன் முனையைத் தொடாது. வாங்கும் இடத்திலேயே போட்டுப் பார்ப்பது உத்தமம். மூன்று, நாலு செல் போடும் பெரிய டார்ச்சுகளை நான் பரிந்துரைப்பதில்லை. பழசும் புதுசும் கலந்துவிட்டால் பலவீனமான செல் முதலில் அடி வாங்கும், சூடேறி வாயு கக்கும்.

ஒரு செல் இரவு முழுக்க வருமா என்று கணக்குப் போடுவோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 10 வினாடி அடிக்கிறீர்கள். பத்து மணி நேரத்தில் 120 தடவை, மொத்தம் 20 நிமிடம். எல்இடி 3 ஆம்பியர் இழுத்தாலும் 1000 எம்ஏஹெச்தான் செலவு. மீதி, வரப்பில் நடக்கத் தாராளமாகப் போதும். சட்டைப்பையில் இன்னொரு செல், பிளாஸ்டிக் டப்பியில். சாவி, சில்லறையோடு வெறுமனே போட்டால் ஷார்ட் ஆகும்.

‘டர்போ’வில், அதாவது உச்ச வெளிச்சத்தில், போட்டதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளிச்சம் இறங்குகிறதே, பழுதா என்று கேட்பவர்கள் உண்டு. சூட்டைக் காக்க அது தானே இறங்குகிறது. வாங்குமுன் பார்க்க வேண்டியது, இறங்கிய பிறகு எவ்வளவு தருகிறது என்பதை.

டார்ச் மினுக்கினால் செல்லைக் குறை சொல்லுமுன் பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு பித்தளை வளையம், அதில் எதிரெதிராக இரண்டு சின்னத் துளை. ட்வீசரின் இரு முனையை அதில் வைத்து வலப்பக்கம் இறுக்கினால் பாதி மினுக்கல் அங்கேயே தீரும். மரையையும் மூடியின் விளிம்பையும் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கான் கிரீஸ். தேங்காயெண்ணெய் பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். யூஎஸ்பி-சி துளை இருந்தும் புது போன் சார்ஜரில் சார்ஜ் ஏறவில்லையா? இரு பக்கமும் சி முனை உள்ள ஒயரை விட்டுவிட்டு, ஒரு பக்கம் பழைய ஏ முனை உள்ள ஒயரில் போடுங்கள். பல டார்ச்சுகளில் அதற்கான ரெசிஸ்டரை வைக்காமல் விட்டிருப்பார்கள்.

மார்கழிப் பனியில் கண்ணுக்கு நேராகப் பிடித்தால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். இடுப்பளவில், கை நீட்டிப் பிடியுங்கள். எல்இடி நிறம் 4000 முதல் 5000 கெல்வின் என்றால் 6500-ஐவிடக் கண்ணுக்கு இதமாக இருக்கும், மண்ணுக்கும் விலங்குக்கும் நிற வித்தியாசமும் தெரியும்.

யானை என்று தெரிந்த பிறகு கண்ணில் அடிக்காதீர்கள். வெளிச்சம் வரும் திசையை நோக்கியே அது ஓடி வரலாம். அணைத்துவிட்டு, பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் குரல் கொடுங்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள், இறங்கிப் போக வேண்டாம். இந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு காப்புக்காட்டுக்குள் முயல் பார்க்கப் போவதும் வேண்டாம், அது வேட்டை வழக்கு.

அறுப்பு முடிந்து டார்ச்சை எடுத்து வைக்கும்போது செல்லை முழு சார்ஜிலும் வைக்கக் கூடாது, காலியாகவும் வைக்கக் கூடாது. மல்டிமீட்டரில் 3.7, 3.8 வோல்ட் காட்டும் அளவில் கழற்றி, தகரக் கூரை மோட்டார் ரூமில் வைக்காமல் வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். அடுத்த ஐப்பசியில் எடுக்கும்போது 2.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் சார்ஜ் போட்டுப் பார்க்கவே வேண்டாம், புதுசு வாங்கிவிடுங்கள்.