லாபியில் ஒரு ஊறுகாய் ஜாடி

ஓஎம்ஆரில் 27 மாடி டவர் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் வீடு முழுக்க அடங்கி மிச்சம் இருக்கும், கீழே அவ்வளவு பெரிய லாபி. இரண்டு மாடி உயரத்தில் சர விளக்கு, தரையெல்லாம் இத்தாலியன் மார்பிள். ஏசி வழியாக லெமன்கிராஸ் வாசனை வேறு.

காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் ஆத்தா வந்த அன்றைக்கு எனக்கு ஆபீஸ் கால். "லாபியிலேயே உக்காருங்க, பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். தப்பு அங்கேதான்.

நான் இறங்கும்போது செக்யூரிட்டி தம்பியும் கூரியர் பையனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து ஆத்தாவை சோபாவிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும், காலை ஊன்றினால் முதுகுக்குப் பிடிமானம் இருக்காது, அப்படி ஒரு சோபா.

"இதுல எப்படிப்பா உக்கார்றீங்க?"

"இதுவரைக்கும் யாரும் உக்காந்ததில்ல பாட்டிம்மா."

ஆத்தா சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள். "பட்டப்பகல்லயே கொசுவத்தி வாசம் வருது. அவ்வளவு கொசுவா? கல்லு இத்தாலியா? நம்ம முகப்புல உங்க ஐயா காலத்துலேருந்து கெடக்கு. ஆனா திண்ணையில நாலு பேரு உக்காருவாக."

பெருமையாகத்தான் இருந்தது, டீப்பாயைப் பார்க்கும் வரை. வெள்ளை மார்பிள் பலகை. அதன் மேல் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி, அடியில் மஞ்சளாக ஒரு கசிவு.

துடைத்ததில் மஞ்சள் அநேகமாகப் போய்விட்டது. வளையம் போகவில்லை. சூப்பர்வைசர் குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். "இது கறை இல்ல சார், கல்லே அரிச்சிருச்சு. மார்பிள்னா சுண்ணாம்புதானே, புளிப்பு பட்டா பாலீஷ் போயிரும். கிரானைட்டா இருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." மறுபடி தேய்த்து பாலீஷ் போட ஆள் வர வேண்டுமாம். அதற்குள் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் போட்டோ வந்துவிட்டது.

"இத்தாலிக் கல்லு நம்ம வீட்டுலயும் இருக்குன்னியே ஆத்தா?"

"முகப்புல எவளாச்சும் ஊறுகா ஜாடிய வெப்பாளா? அது வீட்டுக்கு உள்ள, ரெண்டாங்கட்டுல வெக்கிற சாமான். நீதானே இங்கயே உக்காருன்ன?"

பாலீஷ்காரர் இன்னும் வரவில்லை. சூப்பர்வைசர் பூ ஜாடியை அரையடி நகர்த்தி வளையத்தின் மேல் வைத்துவிட்டார். டிசைனே அப்படித்தான் என்று எல்லோரும் நம்பினோம்.

போன வாரம் ஆத்தா மறுபடி வந்தாள். "என்ன, இத இப்படி ஓரமா வெச்சிருக்கீக?" என்று கேட்டுக்கொண்டே ஜாடியை நடுவில் இழுத்து வைத்தாள்.