"இதையும் எழுதிக்கோங்க"

"சரி மேடம், இதையும் எழுதிக்கோங்க" என்று அக்கா தொலைபேசியில் சொன்னது சம்மதமா, கோபமா என்பதை என்னால் இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை. அதுவரை என்னை அவர் "வாம்மா, சொல்லும்மா" என்றுதான் கூப்பிடுவார். மேடம், சார் எல்லாம் வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே பேசி வைத்திருந்தோம்.

வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் போகும் பெண்களின் சம்பளம் என்ன, அந்த வேலையிலிருந்து மேலே போக வழி உண்டா, அவர்கள் டியூட்டியில் இருக்கும் நேரத்தில் அவர்கள் வீட்டு நோயாளியை யார் பார்க்கிறார்கள் என்பவைதாம் எங்கள் ஆய்வு. சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளான பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் இருந்து எட்டுப் பெண்கள் இணை ஆய்வாளர்களாக வந்தார்கள், அவர்களில் ஒருவர் அக்கா. "உங்கள் தொழில் இலக்கு என்ன?" என்று நான் எழுதியிருந்த கேள்வியை அக்கா அடித்துவிட்டு, "டே டியூட்டியா, நைட் டியூட்டியா, எதுக்கு வீட்ல விடுவாங்க?" என்று மாற்றினார். ஆய்வில் உருப்படியாகக் கிடைத்தவற்றில் பாதி அந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள்தாம்.

அன்று காலை பத்து மணிக்குக் கூட்டம், அக்கா வரவில்லை. மாலை நான்கு மணிக்கு அழைத்தார். பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமியாருக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதாம், லிஃப்ட் ஓடவில்லையாம், ஆறாவது மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அதைக் கேட்டு நான் வருத்தப்பட்டேன், உண்மையாகவே வருத்தப்பட்டேன். பிறகு அவர் அன்றைய மதிப்பூதியம் 600 ரூபாயைப் பற்றிக் கேட்டார். "கையெழுத்து இல்லாம வவுச்சர் போட முடியாதுக்கா" என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடுவது கேட்டது. "நான் இன்னிக்கு செஞ்சதுதானே நீங்க கேக்குற கேள்விக்குப் பதிலு?" என்றார். அதன் பிறகுதான் அந்த வாக்கியம்.

விதியை நான் போடவில்லை. முன்பு நடந்த ஏதோ ஒரு கணக்கெடுப்பில் வராதவர்களின் பெயரில் பணம் போனதைப் பார்த்த அந்தப் பெண்களே போட்டது அது. "வந்தா காசு, வராட்டி இல்ல" என்பது அக்காவே சொல்லி, சார்ட் தாளில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய வரி. போன மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வராத இன்னொருவருக்கும் கொடுக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் கொடுத்திருந்தால் அது வேறு வகை அநியாயம். இந்த நியாயங்களை எல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

ஆனால் நான் எழுதிக்கொண்டேன். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டாரைப் பராமரிக்கும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 134 நிமிடமும் ஆண் 76 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாக வருகிறது. அறிக்கையில் அந்த எண்களுக்குக் கீழே, பெயரில்லாமல், அக்காவின் அந்த நாளை வைத்தேன். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சலுகைச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. வேலையிடமே இன்னொருவர் வீட்டுப் படுக்கையறை என்றால், பார்த்துக்கொள்ள வேண்டியதும் குழந்தையாக இல்லாமல் எழுபது வயது மாமியார் என்றால், அந்தச் சட்டத்தில் இவர்களுக்கு என்ன இருக்கிறது என்றும் எழுதினேன். நன்றாக வந்திருப்பதாகப் பலர் சொன்னார்கள்.

அச்சுக்குப் போகும் முன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் நாற்காலியைத் தூக்கியதாக எழுதியிருந்தேன், "ஒரு பையன்தான். இன்னொரு பக்கம் நான் புடிச்சேன்" என்றார். மாற்றினேன். அன்று அவருடைய 600 ரூபாயைப் பிடித்தது நாங்கள்தான் என்பது அந்தப் பக்கத்தில் இல்லை. ஆய்வு குடும்பங்களைப் பற்றியது, எங்கள் நிர்வாகத்தைப் பற்றியதல்ல என்று அப்போது தோன்றியது. அக்காவும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன், அல்லது எடுத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

அதே அறிக்கையின் பரிந்துரைகளில், இந்தப் பெண்களை ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் (நோயாளிப் பராமரிப்பு உதவியாளர்) சான்றிதழ்ப் பயிற்சிக்கு உதவித்தொகையோடு அனுப்ப வேண்டும், உதவித்தொகை வருகைப் பதிவின்படி வழங்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. வருகைப் பதிவு என்ற சொல்லைச் சேர்த்தவள் நான்தான். கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது.

இரண்டாம் கட்டத்துக்கான விதிகளைப் பேசிய கூட்டத்தில், வீட்டில் நோயாளியைப் பார்க்க நேர்ந்து வராதவர்களுக்கும் அன்றைய பணம் கொடுக்கலாம் என்று முன்மொழிந்தேன். யார் முகத்தைப் பார்த்துச் சொன்னேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். முதலில் மறுத்தவர் அக்கா. "யார் வீட்ல நோயாளி இல்ல? அப்புறம் கூட்டத்துக்கு நீ மட்டும்தாம்மா உக்காந்திருப்ப" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விதி பழையபடியே நின்றது. அவர் மறுபடி "ம்மா" என்று கூப்பிட்டதில் எனக்கு வந்த நிம்மதியை நான் அவ்வளவாக நம்பவில்லை.