‘மயெஸ்த்ரா’ என்று எழுதிக் கெட்டேன்

ஒரு சொல்லுக்காக மூன்று தடவை அலைந்தேன், மொழிபெயர்ப்புக்கு இரண்டு தடவை காசு கட்டினேன். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஸ்பெயினுக்கு வந்து ஆசிரியர் வேலை தேடும் யாருக்காவது உதவும்.

தமிழ்நாட்டில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் 11 வருடம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவள் நான். மாட்ரிட்டில் நான் விண்ணப்பித்த தனியார் நிறுவனம் அனுபவச் சான்றிதழை ஸ்பானிஷில் கேட்டது. அதுவும் ‘ஹுராதோ’, அதாவது இந்நாட்டு வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு. சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்டும் அரசு முத்திரையான அப்போஸ்டில் ஊரிலேயே முடிந்திருந்தது. மொழிபெயர்ப்பும் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் என் பயோடேட்டாவையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார். “நீங்கள் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவரா, இல்லை பல்கலைக்கழகத்தில் உதவியாளரா?” என்று கேட்டார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பயோடேட்டாவில் என்னை நானே ‘மயெஸ்த்ரா’ என்று எழுதியிருந்தேன். மெக்சிகோ சீரியல் பார்த்து ஸ்பானிஷ் பழகியதன் வினை. மெக்சிகோவில் கல்லூரியில் பாடம் எடுப்பவரும் மயெஸ்த்ரோதான். முதுகலைப் பட்டம் வாங்கியவரும் பெயருக்கு முன்னால் அதையே போட்டுக்கொள்வார். எம்.எஸ்சி. படித்த எனக்கு இரண்டு வகையிலும் பொருந்துகிறதே என்று ஒரு தெம்பு. ஆனால் ஸ்பெயினில் பள்ளி என்று வந்துவிட்டால் மயெஸ்த்ரா என்பவர் மழலையர், தொடக்க வகுப்புகளின் ஆசிரியை. அதற்குத் தனிப் பட்டப்படிப்பே இருக்கிறது. 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு எடுப்பவர் ‘ப்ரொஃபெசோரா’.

சான்றிதழோ இன்னொரு கூத்து. நம்மூரில் என் பதவிக்குப் பெயர் பி.ஜி. அசிஸ்டென்ட். தமிழில் கௌரவமாக முதுகலை ஆசிரியர்; ஆங்கிலத்தில் இந்த அசிஸ்டென்ட். மொழிபெயர்ப்பாளர் வரிக்கு வரி நேர்மையாக ‘அசிஸ்தென்தே தே போஸ்கிராதோ’ என்று எழுதிவிட்டார். அதைப் படிப்பவருக்கு நான் ஏதோ ஒரு பேராசிரியருக்கு எடுபிடி வேலை பார்த்த மாணவி! மாற்றித் தரச் சொன்னேன். மூலத்தில் இல்லாததைத் தன்னால் எழுத முடியாது என்றார். அவர் சொன்னது நியாயம்தான், ஆனாலும் அன்றைக்குக் கோபம் வந்தது.

இரண்டாவது தடவை பயோடேட்டாவை மட்டும் திருத்திக்கொண்டு போனேன். சான்றிதழ் பழையபடியே இருந்ததால் அதுவும் வீண். போதாததற்கு வேறு இரண்டு சொற்களிலும் மாட்டிக்கொண்டேன். அறிவியல் கண்காட்சிக்குக் கைடு டீச்சராக இருந்ததை ‘கியா’ என்று போட்டிருந்தேன். “கண்காட்சியைச் சுற்றிக் காட்டினீர்களா?” என்றார். லா கியா என்றால் வழிகாட்டிப் பெண். வழிகாட்டிப் புத்தகமும் அதுவே. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு மேற்படிப்பு ஆலோசனை சொன்னதற்கு ‘கொன்செஹேரா’. அதற்கு அவர் சிரித்தேவிட்டார். இங்கே கொன்செஹேரா தே எதுகாசியோன் என்றால் மாநில அளவில் கல்வி அமைச்சர் மாதிரி. பள்ளியில் ஆலோசனை சொல்பவர் ‘ஒரியென்தாதோரா’. ஆனால் அதுவும் தனித் தகுதி கேட்கும் பணி. நமக்கு வேண்டாம். குரு என்ற நம் சொல்கூட ஸ்பானிஷில் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் ஆசிரமம் நடத்தியவள் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம்தான் தலைமையாசிரியைக்குப் போன் போட்டேன். “ஏம்மா, ஆர்டர்லயே பி.ஜி. அசிஸ்டென்ட்னுதானே இருக்கு, நான் எப்படி மாத்துறது?” என்றார். மாற்ற வேண்டாம் டீச்சர், பக்கத்தில் விளக்கமாக ஒரு கடிதம் கொடுங்கள் என்றேன். முழுநேரப் பணி, 11, 12ஆம் வகுப்பு, மாணவர் வயது, பாடம், வகுப்பாசிரியர் பொறுப்பு என்று எல்லாவற்றையும் எழுதித் தந்தார். மறுபடி அப்போஸ்டில், மறுபடி மொழிபெயர்ப்பு. (அப்போஸ்டிலுக்குப் பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்குத் தனியாகக் காசு.)

கடிதத்தில் வயது இருந்ததால் ‘ப்ரொஃபெசோரா தே ஃபீசிகா’ என்று வந்தது. பயோடேட்டாவில் அதோடு ‘பச்சியெராத்தோ’வையும் சேர்த்தேன், 16 வயதுக்கு மேல் படிக்கும் அந்த இரண்டு வருடம்தான் நம் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்குச் சமம். ஜாக்கிரதை, ‘பச்சியேர்’ என்றால் இங்கே அந்த இரண்டு வருடத்தை முடித்தவர். பி.எஸ்சி.க்கு அதைப் போட்டால் பட்டம் காலி. கைடு வேலைக்குப் பெயர்ச்சொல்லே தேடவில்லை, மாணவர்களின் திட்டங்களை ‘திரிஹியோ’, வழிநடத்தினார் என்று வினைச்சொல்லாக எழுதினேன்.

வகுப்பாசிரியருக்கு வந்த ‘துத்தோரா’வைப் பார்த்துத்தான் பயந்தேன். என் பையன் பள்ளிப் படிவத்தில் அப்பா, அம்மா, துத்தோர் என்று மூன்று கட்டம் இருக்கும். அதில் துத்தோர் சட்டப்படியான பாதுகாவலர். ஆனால் பள்ளிக்குள் அதே சொல்தான் வகுப்பாசிரியர், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுபவர். மூன்றாவது தடவை அந்தப் பெண் விரல் வைத்து நிறுத்தியதும் அந்த இடத்தில்தான்.

“துத்தோராவாகவும் இருந்தீர்களா? எத்தனை பிள்ளைகள்?”

“ஐம்பத்திரண்டு.”

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் முத்திரையைக் குத்தினார்.