டொமைன் மாத்துனதும் டெஸ்க்டாப் ஏன் காலியாகுது?

போன ஞாயித்துக்கிழமை செவ்வாய்ப்பேட்டைல ஒரு மண்டி ஆபீஸ், 14 சிஸ்டத்தையும் புது டொமைனுக்கு (வெப்சைட் பேர் இல்லைங்க, ஆபீஸ் சிஸ்டம், லாகின் எல்லாத்தையும் ஒரே எடத்துல இருந்து பாத்துக்கற விண்டோஸ் நெட்வொர்க்) மாத்துற வேலை. முதல் சிஸ்டத்த ஜாயின் பண்ணிட்டு கணக்கு பாக்குற அக்காவ லாகின் பண்ணச் சொன்னா டெஸ்க்டாப் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு, "தம்பி, என் 6 வருஷ கணக்கு எங்கப்பா"ன்னு கேக்குறப்ப அவங்க குரலே மாறிடுச்சு, எனக்கு மனசே கேக்கல.

ஃபைல் எங்கயும் போகலைங்க. விண்டோஸ் ஆள பேர வெச்சு பாக்காது, எஸ்ஐடின்னு ஒரு நீள நம்பர வெச்சுதான் பாக்கும், புது டொமைன்ல அதே பேர்ல அக்கவுண்ட் போட்டாலும் அந்த நம்பர் வேற, அதனால புது ஆளுன்னு யூசர்ஸ் ஃபோல்டர்ல இன்னொரு ப்ரொஃபைல் (ஒருத்தரோட டெஸ்க்டாப், ஃபைல், செட்டிங் எல்லாம் இருக்கற ஃபோல்டர்) போட்டுடும், பழசு பக்கத்துலயே பத்திரமா கெடக்கும்.

அத அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க. ஃபைல் வரும், பர்மிஷனும் செட்டிங்கும் சொதப்பும். அதுக்குன்னே மைக்ரோசாஃப்டோட யூஎஸ்எம்டின்னு ஒரு டூல் இருக்கு, யூசரோட ஃபைல், செட்டிங் எல்லாத்தையும் எடுத்து மாத்தித் தரும், இலவசம்தான். பழைய டொமைன்ல இருக்கறப்பவே அதுல இருக்கற ஸ்கேன்ஸ்டேட் கமாண்ட ஓட்டி எடுத்துக்கணும், ஜாயின் பண்ணதுக்கப்புறம் லோட்ஸ்டேட் கமாண்ட்ல எம்யூ ஆப்ஷன் குடுத்து பழைய யூசர் இன்னாரு, புது யூசர் இன்னாருன்னு சொல்லி எறக்கணும். அந்த முதல் சிஸ்டத்த திரும்ப பழைய டொமைனுக்கே கொண்டுபோய்தான் எடுத்தேன், ரெண்டு மணி நேரம் போச்சு, ஆனா அக்காவோட வால்பேப்பர்ல இருந்து எல்லாம் வந்துடுச்சு.

குரோம்ல சேவ் பண்ண பாஸ்வேர்ட் வராது, அது பழைய அக்கவுண்டோட சாவில பூட்டுனது, முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணிக்கோங்க. டொமைன விட்டு வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி லோக்கல் அட்மின் (டொமைன் இல்லாம அந்த சிஸ்டத்துலயே இருக்கற அட்மின் அக்கவுண்ட்) பாஸ்வேர்ட் வேலை செய்யுதான்னு ஒரு தடவ லாகின் பண்ணியே பாத்துடுங்க.