திருப்பிக் கொடுத்தது எதை?

“ராணுவமும் போலீஸும் மோதிக்கொண்ட 2006 நெருக்கடியில், கிழக்குத் திமோரின் லவுத்தெம் மாவட்டப் போலீஸ் சிதறவே இல்லையே, பிறகு 2009-இல் ஐ.நா. அவர்களிடம் எதைத் திருப்பிக் கொடுத்தது?” கருத்தரங்கில் ஒரு மாணவி கேட்ட கேள்வி. “கட்டளை அதிகாரத்தை” என்றேன்.

சட்டப்படி சரியான பதில்தான். 2006 டிசம்பர் 1 ஒப்பந்தத்தின்படி கிழக்குத் திமோரின் போலீஸ் பொறுப்பு ஐ.நா.விடம் இருந்தது. 2009 மே 14 அன்று முதல் மாவட்டமாக லவுத்தெம் தேசியப் போலீஸிடம் திரும்பியது. ஆனால் 2006 மே 25-இல் ஐ.நா. பாதுகாப்பில் ஆயுதமின்றி வெளியேறிய போலீஸார் 8 பேர் சொந்த நாட்டுச் சிப்பாய்களால் சுட்டுக் கொல்லப்பட்டது தலைநகர் டிலியில். தலைமை கலைந்ததும் அங்கேதான். அப்படியிருக்க, பொறுப்பைத் திருப்பித் தரும் வேலை அமைதியான கிழக்கு மூலையில் தொடங்கியது; டிலி வரை முடிய 2011 மார்ச் 27 ஆனது.

ஒப்படைப்புக்கு நிபந்தனைகள் நான்கு: பாதுகாப்புச் சூழலுக்கு ஈடுகொடுக்கும் திறன், அடிப்படைத் தளவாடம், மக்கள் ஏற்பு உட்பட நிறுவன நிலைத்தன்மை, தகுதியுள்ள காவலர்களில் 80 சதவீதத்தினருக்காவது இறுதிச் சான்று. எண்ணிப் பார்க்க முடிந்தது கடைசி ஒன்றுதான். பதிவு, பின்னணிச் சோதனை, குறுகிய பயிற்சி, மாதக்கணக்கில் ஐ.நா. போலீஸாரின் வழிகாட்டல், பிறகு சான்று. வழிகாட்டிகள் பல நாட்டவர். பணிக்காலம் முடிந்ததும் ஊர் திரும்புபவர்கள். ஒருவர் பாதி நிரப்பிய படிவத்தை இன்னொருவர், பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் துணையோடு, முடிப்பார். ‘தகுதியுள்ள’ என்ற சொல்லும் கணக்கைப் புரட்டும். 50 பேரில் 38 பேருக்குச் சான்று என்றால் 76 சதவீதம். வழக்கு நிலுவையில் உள்ள 4 பேரை ஒதுக்கிவிட்டால் 82-ஐத் தாண்டிவிடும். நிலையத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

இதெல்லாம் தெரிந்தும் என் ஆய்வு அட்டவணையில் லவுத்தெமுக்கு நேரே ‘ஒப்படைப்பு முடிந்தது, 2009’ என்றுதான் இருக்கிறது. தேதி இல்லாமல், ஐ.நா. போலீஸார் பணியாற்றிய கொசோவோவோடும் பொஸ்னியாவோடும் ஒப்பிட முடியாது. ஒப்பீடு இல்லாவிட்டால் இந்தத் துறையில் கட்டுரையே நிற்காது. அதே எழுத்தளவில் டிலியின் தேதியும் அடுத்தடுத்து நிற்பதுதான் உறுத்துகிறது.

மாணவியின் கேள்வியிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. சிதறவில்லை என்பதாலேயே போலீஸ் உறுதியாக இருந்தது என்று ஆகிவிடுமா? லவுத்தெமில் சண்டை வராததற்கு ஊர்ப் பெரியவர்கள், சர்ச், உறவுமுறை என எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். அன்றே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், 80 சதவீதம் எதை அளந்தது என்று அடுத்துக் கேட்டிருப்பார்.