கொப்பித் தாளில் படித்த காற்புள்ளி

எங்கள் பள்ளியின் இந்தப் பழைய மாணவர் மலருக்கு வந்த கட்டுரைகளைத் தொகுக்கும் வேலையில் நானும் இருந்தேன். ரொறன்ரோ, லண்டன், சிட்னி, பாரிஸ் என்று பல இடங்களிலிருந்து எழுதியிருந்தார்கள். வெவ்வேறு காலத்தில் படித்தவர்கள், ஆனால் பல கட்டுரைகள் ஒரே ஆள் எழுதியவை போல இருந்தன. "அது வெறும் பள்ளி அல்ல — அது ஓர் உணர்வு" என்ற மாதிரி வசனங்கள், நடுவே ஒரு நீட்டுக் கோடு, மூன்று மூன்றாக அடுக்கிய சொற்கள், கடைசிப் பந்தியில் ஒரு "முடிவாக". கேட்டதை எழுதித் தரும் சாட்ஜிபிடி இயந்திரத்தின் கை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த மாஸ்ரரைத்தான் நினைத்துக்கொண்டேன். அது 1990களின் முதற்பாதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பொருளாதாரத் தடையால் தாளும் இல்லை. நாளிதழே பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்களுக்கு ஒரு தாளின் அருமை தெரியும். மாஸ்ரர் கட்டுரைக்கு ஒரு பக்கம்தான் தருவார். "சொன்னதையே திருப்பிச் சொல்லாதை, கொப்பி முடிஞ்சு போகும்" என்பார். எங்கள் எழுத்தில் இன்றும் ஏதாவது சிக்கனம் இருந்தால் அது அந்தத் தட்டுப்பாடு தந்தது.

சொல்வதெழுதுதலின்போது அவர் குறிகளை வாயால் சொல்லமாட்டார். காற்புள்ளிக்குக் கொஞ்சம் நிற்பார், முற்றுப்புள்ளிக்கு மூச்சு விட்டு நிற்பார். நாங்கள் காதால் பிடித்துப் போடவேண்டும்.

இந்தக் குறிகள் தமிழுக்குப் பிந்தி வந்தவை என்பதையும் அவர்தான் சொன்னார். ஓலைச்சுவடியில் காற்புள்ளியும் இல்லை, வினாக்குறியும் இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியைக்கூடப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அச்சு வந்தபிறகு உரைநடையில் குறிகளை நிலைக்கச் செய்ததில் 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலருக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியென்றால் குறிகள் அன்றும் வெளியிலிருந்து ஓர் இயந்திரத்தோடுதானே வந்தன, இன்று மட்டும் ஏன் வருத்தம் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். நாவலர் பிள்ளைகள் வாசித்து விளங்கவேண்டும் என்று பாலபாடம் எழுதியவர். எந்த இடத்தில் நிறுத்துவது என்று ஒரு மனிதர் வாசகரை நினைத்து முடிவுசெய்தார். இப்போது அந்த முடிவை யாரும் எடுப்பதில்லை. வந்த இடத்தில் கோடு வருகிறது, நாமும் அப்படியே ஒட்டிவிடுகிறோம். பிறகு கையால் எழுதும்போதும் அதே கோட்டைப் போடப் பழகிவிடுகிறோம்.

தமிழுக்கு அந்தக் கோடு பெரிதாகத் தேவையும் இல்லை. "வந்தானா" என்றாலே கேள்வி காதில் விழுந்துவிடும். "என்று" வந்தால் பேச்சு முடிந்தது தெரியும். "மழைக்கு ஒழுகிய கொட்டகையில் படித்த நாங்கள்" என்று நாம் இயல்பாக எழுதுவதை இயந்திரம் "நாங்கள் — மழைக்கு ஒழுகும் கொட்டகையில் படித்தவர்கள் —" என்று உடைத்து வைக்கிறது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இடத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகளுக்கு இதற்கு எதிர்மாறான கவலை. ஆங்கிலத்தில் அந்தக் கோடு பழைய குறி. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் தன் கவிதைகள் முழுக்கப் போட்டிருக்கிறார். மனிதர் எழுதியதைப் படித்துத்தான் இயந்திரமும் அதைக் கற்றது. இப்போது அதைப் போட்டால் இயந்திரம் எழுதியது என்பார்களோ என்று பயந்து மகள் அழித்துவிடுகிறாள். பயம் காரணமில்லாததும் அல்ல. 2023இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் இப்படிக் கண்டுபிடிக்கும் கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, இப்படிக் கண்டுபிடிக்கும் தன் கருவியை, துல்லியம் போதாது என்று அதே ஆண்டு யூலையில் நிறுத்தியது. புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பள்ளி அதிபருக்குக் கடிதம் எழுதவோ கணக்கறிக்கை தயாரிக்கவோ சாட்ஜிபிடியின் உதவியை எடுங்கள், எனக்கு மறுப்பு இல்லை. நினைவை மட்டும் அதனிடம் கொடுக்கவேண்டாம். ஏன் சொல்கிறேன் என்றால், என்னோடு படித்த ஒருவன் அனுப்பிய கட்டுரையில் "போர்ச்சூழலிலும் ஆசிரியர்கள் அர்ப்பணிப்புடன் செயற்பட்டனர்" என்று ஒரு வசனம் இருந்தது. தொலைபேசியில் எடுத்து, "யாரடா அந்த ஆசிரியர்?" என்று கேட்டேன். அப்புறம் அவன் பேசத் தொடங்கினான். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்த இரவு, நாவற்குழிப் பக்கம் சனம் அசையமுடியாமல் நெருங்கி நின்றபோது, சைக்கிள் கரியரில் எங்கள் பெயர்கள் இருந்த வகுப்பு வரவு இடாப்பைக் கட்டிக்கொண்டு மாஸ்ரர் நின்றாராம். அவனைக் கண்டதும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மற்றவங்களைக் கண்டனியே?" என்று கேட்டாராம்.

அவன் சொன்னதை அப்படியே ரைப் செய்து இந்த மலரில் சேர்த்திருக்கிறோம். வசனங்கள் நீளம், காற்புள்ளி குறைவு. நான் திருத்தவில்லை. அடுத்த மலருக்கு எழுதத் தயங்குபவர்கள் வட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள். நாங்கள் கேட்டு எழுதிக்கொள்கிறோம்.